மெட்ராஸ் ஐயும் பெர்லின் தவளையும்

முதல்ல டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. கண் டாக்டர்கிட்ட டோக்கன் வாங்கிட்டு உக்காந்திருந்த ஆள், அவ்வளவுதான். இந்தப் பக்கம் வழக்கமா வந்து போறவங்களுக்குத் தெரியும், இங்கே உப்பு வரி, பழைய ரயில் பாதை, ஏரிக்கரைக் கல்வெட்டுன்னு ஏதாவது பழங்கதை ஓடிக்கிட்டிருக்கும். இதுவும் பழங்கதைதான். ஆனா ஆரம்பிச்ச இடம் என் வலது கண்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். போன வருஷம் மழைக்காலம் முடியற சமயத்துல எங்க தெருவுல மெட்ராஸ் ஐ ஒரு ரவுண்டு வந்தது. பக்கத்து வீட்டுப் பையன், அவங்க அம்மா, எதிர்வீட்டுத் தாத்தா, அப்புறம் நான். காலையில எழுந்தா இமை ரெண்டும் ஒட்டிக்கிட்டு திறக்காது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு வீட்டுக்குள்ளயே சுத்தினேன். பத்துப் பன்னிரண்டு நாள்ல சிவப்பு போயிடுச்சு, ஆபீசுக்கும் கிளம்பியாச்சு. அதுக்கு அப்புறம்தான் கதையே. ராத்திரி வண்டி ஓட்டினா எதிர்ல வர்ற ஒவ்வொரு விளக்கைச் சுத்தியும் பஞ்சைப் பிரிச்சு வச்ச மாதிரி ஒரு வட்டம். பஸ் நெத்தியில இருக்கறது 5-ஆ 6-ஆ தெரியல. கசக்கினா போகல, கழுவினாலும் போகல.

டாக்டரம்மா அந்தக் கருவியில தாடையை வைக்கச் சொல்லி, நெத்தியை ஒட்டச் சொல்லி, ஒரு கீத்து வெளிச்சத்தைக் கண்ணுக்குள்ள இப்படியும் அப்படியும் நகர்த்திப் பாத்தாங்க. அப்புறம் என் சீட்டுல ஒரு வட்டம் போட்டு, அதுக்குள்ள புள்ளி வச்சாங்க. வாசல்ல கோலத்துக்குப் புள்ளி வைக்கற மாதிரி.

"வைரஸ் போயிடுச்சு சார். இப்ப இருக்கறது கிருமி இல்ல. உங்க உடம்போட எதிர்ப்பு அணுக்கள்தான் அங்கங்க கூட்டமா உக்காந்திருக்கு. அந்தக் கூட்டம்தான் புள்ளி."

"சண்டை முடிஞ்சு போச்சுன்னு அதுங்களுக்கு யாரும் சொல்லலையா டாக்டர்?"

சிரிச்சுக்கிட்டே ஒரு ஸ்டீராய்டு சொட்டு மருந்து எழுதினாங்க. இத்தனை நாளைக்கு நாலு வேளை, அப்புறம் மூணு, அப்புறம் ரெண்டுன்னு படிப்படியா குறைக்கச் சொன்னாங்க. நம்ம அறிவுதான் தெரியுமே. மூணு வாரத்துல பஸ் நம்பர் பளிச்னு தெரிஞ்சதும் நானா நிறுத்திட்டேன். பத்தே நாள்ல பஞ்சு வட்டம் திரும்ப வந்துடுச்சு. மறுபடி கருவி, மறுபடி வட்டம், இந்தத் தடவை எண்ணி 11 புள்ளி வச்சாங்க. வாங்கிக் கட்டிக்கிட்டதை இங்கே எழுத மாட்டேன். இந்த மருந்தைச் சட்டுனு நிறுத்தினா புள்ளி திரும்ப வருமாம். ரொம்ப நாள் போட்டாலோ கண் அழுத்தம் ஏறலாம், கண்புரை வரலாம். விட்டாலும் வம்பு, பிடிச்சாலும் வம்பு.

வீட்டுக்கு வந்து படிக்க உக்காந்தேன். என் கேள்வி சின்னது. உயிரோட இருக்கற கண்ணுக்குள்ள ஒரு எதிர்ப்பு அணு உக்காந்திருக்குன்னு ஒருத்தருக்கு எப்படித் தெரியும்? யார் முதல்ல பாத்தாங்க? அதைத் தேடிப் போனா 150 வருஷக் கதை, அதுல பாதி தப்பாப் பேர் வச்ச கதை.

அதுக்கு முன்னாடி நம்ம ஊர்ப் பங்கைச் சொல்லிடறேன். இந்தப் புள்ளிகளை 1889-லேயே வியன்னாவுல எர்ன்ஸ்ட் ஃபுக்ஸ் விவரிச்சு எழுதியிருக்கார். 1918-ல சென்னையில பரவினதைக் கவனிச்சதால கண்வலிக்கு மெட்ராஸ் ஐன்னு பேர் வந்ததுன்னு சொல்வாங்க. சென்னையில வேலை பாத்த கிர்க்பாட்ரிக்னு ஒரு கண் டாக்டர், கார்னியாவுல புள்ளி புள்ளியா விழற ஒரு தொற்று அலையைப் பத்தி 1920-ல பிரிட்டிஷ் கண் மருத்துவ இதழ்ல கட்டுரை எழுதினார். என்ன கிருமின்னு அன்னிக்குத் தெரியாது. இந்த மாதிரி நோய்ல இருந்து அடினோவைரஸ் 8-ஐப் பிரிச்சு எடுத்தது 1955-ல. எழும்பூர் பக்கம் எத்தனையோ பேர் என்னை மாதிரியே விளக்கைச் சுத்தி வட்டம் பாத்திருப்பாங்க. அப்ப அரிக்கேன் விளக்கா இருந்திருக்கும்.

சரி, கார்னியா. தமிழ்ல கருவிழின்னு சொல்றோம். யோசிச்சுப் பாத்தா வேடிக்கையான பேர். அதுல கறுப்பே கிடையாது. சுத்தமான கண்ணாடி. பின்னாடி இருக்கற நிறம்தான் அது வழியா தெரியுது. அரை மில்லிமீட்டர் சொச்சம் தடிமன். ரத்தக் குழாய் ஒண்ணுகூட இல்லை. ஆக்சிஜனைக் கண்ணீர் வழியா வெளிக்காத்துல இருந்து எடுத்துக்குது. ரத்தமே ஓடாத உயிருள்ள கண்ணாடிங்கறதை ஞாபகம் வச்சுக்குங்க. பெர்லின் கதை முழுக்க இதை வச்சுத்தான்.

1860-கள். பெர்லின்ல ருடால்ஃப் ஃபிர்ஷோன்னா மருத்துவ உலகமே எழுந்து நிக்கும். செல்லுல இருந்துதான் செல் வரும், நோய் எல்லாமே செல்லோட கோளாறுதான்னு 1858-ல புத்தகம் போட்டவர். அவரோட கணக்குப்படி, ஒரு இடத்துல சீழ் பிடிச்சா, அந்தச் சீழ்ல இருக்கற அணுக்கள் அங்கேயே பிறந்தவை. அந்த இடத்துத் திசுவோட செல்களே பிரிஞ்சு பெருகி சீழ் ஆகுது. அதுக்குப் பிடிச்ச உதாரணம் கார்னியா. ஏன்னா அங்கேதான் ரத்தமே கிடையாதே. ரத்தம் இல்லாத இடத்துல சீழ் வந்தா அது அங்கேயே பிறந்ததாத்தானே இருக்கணும்? கேக்க நியாயமாத்தான் இருக்கு.

முதல் சந்தேகம் அவர் பள்ளியில இருந்தே வந்தது. ஃபான் ரெக்லிங்ஹௌசன்னு ஒருத்தர். தவளையோட கார்னியாவை வெட்டி எடுத்து, காஞ்சு போகாம ஈரமான கண்ணாடி அறையில வச்சுப் பாத்தப்ப, அதுல ரெண்டு ஜாதி செல் இருக்குன்னு 1863-ல சொன்னார். ஒண்ணு வேர் பிடிச்ச மாதிரி ஒரே இடத்துல நிக்கும். இன்னொண்ணு நடக்கும். நாடோடி செல்னே பேர் வச்சார். ஆனா அது எங்கேர்ந்து வருதுன்னு தெரியல.

இங்கேதான் நம்ம ஹீரோ வர்றார். ஜூலியஸ் கோன்ஹைம், ஃபிர்ஷோவோட உதவியாளர், வயசு 28. அவர் செஞ்ச சோதனையைப் படிச்சப்ப எனக்குப் பழைய துப்பறியும் நாவல் ஞாபகம்தான் வந்தது. வெளியூர் ஆள் ஊருக்குள்ள வந்தானான்னு கண்டுபிடிக்கணும்னா என்ன செய்வீங்க? வெளியூர்க்காரங்க சட்டையில முன்கூட்டியே சாயம் தெளிச்சு விடுவீங்க. அதையேதான் செஞ்சார். பொடிப்பொடியான நீலச் சாயத்தைத் தவளையோட முதுகுப் பக்கம் இருக்கற நிணநீர்ப் பைக்குள்ள செலுத்தினார். வெள்ளை அணுக்களுக்குக் கண்டதையும் விழுங்கற பழக்கம். நீலத் துகளை விழுங்கிட்டு ரத்தத்துல சுத்த ஆரம்பிச்சது. இந்தப் பக்கம் கார்னியா நடுவுல ரசாயனம் வச்சுப் புண்ணாக்கினார். அப்புறம் காத்திருந்தார்.

கார்னியா வெளுக்க ஆரம்பிச்சது. எங்கேர்ந்து? புண் நடுவுல இருக்க, வெளுப்பு ஓரத்துல இருந்து நடுவுக்கு நகர்ந்தது. அதாவது ரத்தக் குழாய் முடியற எல்லையில இருந்து. வெட்டிப் பாத்தா சீழ் அணுக்களுக்குள்ள நீலத் துகள்!

அதோட விடல. தவளையை மயக்கி, குடலைத் தாங்கற மெல்லிய சவ்வை வெளியில இழுத்துக் கண்ணாடி மேல விரிச்சு, நுண்ணோக்கியில மணிக்கணக்கா உக்காந்து பாத்தார். ஓடிக்கிட்டிருந்த வெள்ளை அணுக்கள் மெதுவாகி, குழாய்ச் சுவர்ல ஒட்டி, வெளிப்பக்கம் சின்ன மொக்கு மாதிரி ஒரு புடைப்பு வந்து, அது பெருசாகி, கடைசியில முழு அணுவும் வெளியே வந்து விழுந்ததை எழுதி வச்சார். இதை அவருக்கு முன்னாடியே ஆடிசன், வாலர்னு சில பேர் 1840-கள்ல பாத்திருந்தாங்க, ஆனா யாரும் பெருசா கண்டுக்கல.

எனக்குப் பிடிச்ச இடம் இதுதான்: குருவோட கொள்கையைத் தலைகீழாப் புரட்டின அந்தக் கட்டுரை 1867-ல வெளிவந்தது குருவோட சொந்தப் பத்திரிகையிலதான். ஃபிர்ஷோ ஆசிரியரா இருந்த இதழ். நம்ம பதிவுக்கு ஒரு மாற்றுக் கருத்து பின்னூட்டம் வந்தாலே ரெண்டு நாள் தூங்க மாட்டோம். அந்த மனுஷன் அச்சடிச்சே போட்டிருக்கார். :-)

சண்டை அதோட ஓயல. வியன்னாவுல ஸ்ட்ரிக்கர்னு ஒருத்தர் கார்னியா செல்தான் சீழ் ஆகுதுன்னு வருஷக்கணக்கா வாதாடினார். ரெக்லிங்ஹௌசன் சொன்ன ரெண்டு ஜாதி, கோன்ஹைம் சொன்ன படையெடுப்பு, இதெல்லாம் பொருந்தற மாதிரி ஒரு முழுப் படம் கிடைக்க ரொம்ப நாள் ஆச்சு. ஏன்னா அமைதியான காலத்துலயும் கார்னியாவுக்குள்ள காவலுக்குன்னு ஆள் நிரந்தரமா குடியிருக்குங்கறது அன்னிக்கு யாருக்கும் தெரியாது.

அந்தக் காவல்காரரைப் படம் வரைஞ்சவர் அடுத்த வருஷமே வந்தார். ஆனா யாருன்னு தெரியாமலேயே வரைஞ்சார்.

கோன்ஹைம் இன்னொரு வேலையும் செஞ்சிருந்தார். கார்னியாவுல ஓடற நரம்புகளைப் பாக்க அதைத் தங்கக் குளோரைடுல ஊறவச்சுச் சாயமேத்தற முறை. அதே பெர்லின்ல பவுல் லாங்கர்ஹான்ஸ்னு இருபதைத் தாண்டின ஒரு மருத்துவ மாணவன், அந்த முறையை மனுஷத் தோல்ல போட்டுப் பாத்தான். தோலோட மேலடுக்குல கை கால் விரிச்ச மாதிரி கிளை கிளையா கறுத்த செல்கள் தெரிஞ்சது. நரம்புக்கான சாயம், நரம்பு மாதிரியே கிளை. அப்ப நரம்போட சேர்ந்ததாத்தானே இருக்கணும்? 1868-ல அப்படித்தான் எழுதினான். தலைப்பே மனுஷத் தோலின் நரம்புகள் பத்தினதுதான். அடுத்த வருஷம் கணையத்துல தீவு தீவா இருக்கற செல்களைக் கண்டுபிடிச்சார் (இன்சுலின் சுரக்கற இடம், அவர் பேர்லதான் இருக்கு). அப்புறம் காசநோய் வந்து, உடம்பு தேறறதுக்காக மதெய்ரா தீவுக்குப் போய், அங்கேயே வைத்தியம் பாத்துக்கிட்டு, கடல் புழுக்களை ஆராய்ச்சி பண்ணிக்கிட்டு, 1888-ல 41-வது பிறந்தநாளுக்கு அஞ்சு நாள் முன்னாடி போய்ச் சேர்ந்துட்டார். தான் வரைஞ்சது நரம்பு இல்ல, காவல்காரர்னு அவருக்குக் கடைசி வரை தெரியாது.

நூறு வருஷத்துக்கு மேல அந்த செல் எதுக்குன்னு யாருக்கும் நிச்சயமாத் தெரியல. நியூயார்க் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்துல ரால்ஃப் ஸ்டைன்மன், சான்வில் கோன் ரெண்டு பேரும் எலியோட மண்ணீரல்ல கிளை விரிச்ச ஒரு வகை செல்லை 1973-ல விவரிச்சு, டெண்ட்ரிடிக் செல்னு பேர் வச்சாங்க. சண்டை போடறது இதோட முக்கிய வேலை இல்லை. அந்நியனைப் பிடிச்சு, அவன் சட்டைத் துண்டைக் கிழிச்சு, நிணநீர் முடிச்சுக்கு எடுத்துட்டுப் போய் டி செல்களுக்குக் காட்டி, "இவன்தான், பாத்துக்குங்க"ன்னு சொல்றதுதான் இதன் வேலை. லாங்கர்ஹான்ஸ் வரைஞ்சதும் இதே குடும்பம்னு அப்புறம் தெரிஞ்சது. ஸ்டைன்மனுக்கு 2011-ல நோபல் அறிவிச்சப்ப அவர் இறந்து மூணு நாள் ஆகியிருந்தது. தகவல் கமிட்டிக்கே தெரியாது. கணையப் புற்றுநோய். லாங்கர்ஹான்ஸோட இன்னொரு கண்டுபிடிப்பும் அதே கணையத்துலதானேன்னு நினைச்சப்ப என்னமோ போல இருந்தது. சம்பந்தம் ஒண்ணும் இல்லை, சும்மா சொன்னேன்.

கார்னியாவுக்குத் திரும்புவோம். இங்கே ஒரு பெரிய புதிர் காத்திருந்தது. 1905 டிசம்பர்ல, இப்ப செக் நாட்டுல இருக்கற ஓலோமோட்ஸ்ல, எடுவர்ட் ட்ஸிர்ம்ங்கற டாக்டர் சுண்ணாம்பு பட்டுப் பார்வை போன ஒரு கூலித் தொழிலாளிக்கு இன்னொருத்தர் கார்னியாவை வச்சுத் தைச்சார். அது நிலைச்சது. சிறுநீரகம் மாத்த நினைச்சவங்க எல்லாம் அதுக்கப்புறமும் அம்பது வருஷம் தோத்துக்கிட்டிருந்தாங்க. கார்னியாவை மட்டும் உடம்பு ஏன் பெரும்பாலும் விட்டு வைக்குது? பீட்டர் மெடவார் 1948-ல கண்ணோட உட்பகுதி மாதிரி சில இடங்களுக்குத் தனிச் சலுகை இருக்குன்னு எழுதினார். அப்புறம் 1980-கள்ல கார்னியாவை எடுத்து டெண்ட்ரிடிக் செல்களைத் தேடினவங்க, ஓரத்துல இருக்கு, நடுவுல இல்லைன்னு சொன்னாங்க. எவ்வளவு அழகாப் பொருந்துது பாருங்க. நடுவுல காவல்காரரே இல்லை, அதனால அந்நியன் வந்தாலும் புகார் போறதில்லை, அதனால ஒட்டின கார்னியா பிழைக்குது. பாடப் புத்தகத்துக்கே போயிடுச்சு.

தேடினது எப்படிங்கறதுலதான் இருக்கு சூட்சுமம். டெண்ட்ரிடிக் செல் விழிப்பா இருக்கறப்ப மேல ஒரு கொடியை ஏத்தி வச்சிருக்கும். அந்தக் கொடியில ஒட்டற சாயத்தை வச்சுத்தான் எண்ணினாங்க. பாஸ்டன்ல பெட்ரம் ஹம்ரா, ரேஸா டானா குழுவினர் 2002-ல வேற மாதிரி கேட்டாங்க. கொடி இல்லாமலும் ஆள் இருக்கலாமே? எல்லா வெள்ளை அணுவுக்கும் பொதுவா இருக்கற அடையாளத்தை வச்சுத் தேடினாங்க. எலியோட கார்னியா நடுவுல கொடியை இறக்கி வச்சுட்டு, முதிராத நிலையில, டெண்ட்ரிடிக் செல்கள் இருந்தது. வீக்கம் வந்தா அதுங்களே கொடியை ஏத்திக்கிட்டது. காலி மைதானம்னு இருபது வருஷமா சொல்லிக்கிட்டிருந்த இடத்துல, மஃப்டியில போலீஸ்.

இதுவரைக்கும் சொன்னதெல்லாம் வெட்டி எடுத்துச் சாயம் போட்ட கண்ணுங்க. உயிரோட இருக்கற மனுஷன் கண்ணை வெட்ட முடியுமா? அதுக்குக் கருவி வேணும்.

டாக்டரம்மா என்னைப் பாத்த அந்த கீத்து வெளிச்சக் கருவியை 1911-ல ஆல்வார் குல்ஸ்ட்ராண்ட் காட்டினார். ஓட்டு வீட்டுல ஓட்டை வழியா வெயில் கீத்து விழுந்தா அதுல தூசி பறக்கறது தெரியும் இல்லையா, அதேதான். கண்ணுக்குள்ள வீக்கம் இருந்தா கார்னியாவுக்குப் பின்னாடி இருக்கற நீர்ல வெள்ளை அணுக்கள் அந்தத் தூசி மாதிரியே மிதக்கும், டாக்டர்ங்க அதை எண்ணுவாங்க. ஆனா கார்னியாவுக்குள்ளேயே குடியிருக்கற ஒத்தை செல்லோட உருவம் அதுல தெரியாது. கூட்டமா சேர்ந்தாத்தான் என் புள்ளி மாதிரி வெள்ளையாத் தெரியும்.

அந்த உருவத்தைக் காட்டின கருவியோட முதல் வடிவத்தைச் செஞ்சவர் பேரைக் கேட்டா நம்ம கணினி மக்கள் எழுந்து உக்காருவீங்க. மார்வின் மின்ஸ்கி! செயற்கை நுண்ணறிவு மின்ஸ்கியேதான். 1955 வாக்குல ஹார்வர்டுல இருந்தப்ப மூளையோட நரம்புப் பின்னலைப் பாக்கணும்னு ஆசைப்பட்டார். சிக்கல் என்னன்னா, தடிமனான எதையும் நுண்ணோக்கியில பாத்தா மேலேயும் கீழேயும் இருக்கற அடுக்குகள்ல பட்டுச் சிதறற வெளிச்சம் எல்லாம் சேர்ந்து மங்கலாக்கிடும். மின்ஸ்கி ஊசித்துளை வழியா ஒரே புள்ளிக்கு வெளிச்சம் அனுப்பினார். திரும்பி வர்ற வெளிச்சத்தையும் இன்னொரு ஊசித்துளை வழியாத்தான் வரவிட்டார். குவியத்துல இருக்கற புள்ளியோட வெளிச்சம் மட்டும் ரெண்டாவது துளையில நுழையும், மத்தது சுவர்ல முட்டி நிக்கும். இப்படிப் புள்ளி புள்ளியா நகர்த்திப் படத்தைக் கட்டணும். கன்ஃபோகல் நுண்ணோக்கி. 1957-ல விண்ணப்பிச்சு 1961-ல காப்புரிமை வாங்கினார். அப்ப யாருமே சீண்டல.

அதே மாதிரி யோசனையை 1960-கள்ல செக்கோஸ்லோவாகியாவுல மோய்மீர் பெட்ரான், மிலன் ஹத்ராவ்ஸ்கி ரெண்டு பேரும் ஆயிரக்கணக்கான துளை போட்ட சுழலும் தட்டா மாத்தினாங்க. வெட்டாம, சாயம் போடாம, உயிருள்ள திசுவை நேராப் பாக்கலாம். 1980-களின் நடுவுல கார்னியாவை இதுல வச்சுப் பாத்தாங்க. 1990 வாக்குல மனுஷனை உக்காரவச்சே பாக்க ஆரம்பிச்சாங்க. சொல்லப்போனா இந்தக் கருவிக்கு உடம்புலயே இதைவிடத் தோதான இடம் கிடையாது, கண்ணாடிச் சன்னல் ஏற்கனவே போட்டு வச்சிருக்கே.

இன்னிக்கு ஆராய்ச்சிக் கட்டுரைகள்ல அதிகமா வர்றது ஜெர்மனியோட ரோஸ்டாக் நகரத்துல பிறந்தது. ஹைடெல்பெர்க் கம்பெனியோட லேசர் கருவி ஒண்ணு, க்ளாக்கோமாவுக்காகக் கண்ணின் பின்பக்க நரம்பைப் பாக்கறது. ஸ்டாவே, குட்ஹாஃப் குழுவினர் 2000-களின் ஆரம்பத்துல அதுக்கு முன்னாடி ஒரு லென்ஸைச் சேர்த்து கார்னியாவுல குவிய வச்சாங்க. மரத்துப் போக ஒரு சொட்டு, கொஞ்சம் ஜெல், ஒரு சின்ன மூடி கார்னியாவைத் தொட்டுக்கிட்டு நிக்கும். 670 நானோமீட்டர் சிவப்பு லேசர். ஒரு படம்ங்கறது 0.4 மில்லிமீட்டருக்கு 0.4 மில்லிமீட்டர். மேல இருந்து அடுக்கடுக்கா உள்ளே இறங்கிக்கிட்டே போகலாம். மேல்தோலோட அடித்தளத்துக்கு வந்தா சாம்பல் நிறப் பின்னணியில நரம்புகள் வெள்ளை நூலா இணையா ஓடும். நூலுக்கு நடுவுல, பளிச்னு, கை கால் விரிச்சுக்கிட்டு... லாங்கர்ஹான்ஸ் தோல்ல தங்கத்துல வரைஞ்ச அதே உருவம். அந்தப் படத்தை முதல் தடவை பாத்தப்ப எனக்குச் சிலிர்த்துடுச்சு. வெட்டல, சாயம் இல்ல, அந்தக் கண்ணோட சொந்தக்காரர் பரிசோதனை முடிஞ்சு எழுந்து வீட்டுக்குப் போயிருப்பார்.

எண்ணவும் செஞ்சாங்க. ரோஸ்டாக் குழு 2005-ல வெளியிட்ட கணக்குல, ஆரோக்கியமான கண்ல நடு கார்னியாவுல ஒரு சதுர மில்லிமீட்டருக்குச் சராசரியா 34, ஓரத்துல 98. அதாவது நடுவுல எடுத்த ஒரு படத்துல அஞ்சு ஆறு பேர்தான் தெரிவாங்க. கிருமித் தொற்று வந்த கார்னியாவுல கதை வேற. பாஸ்டன் குழு 2011-ல வெளியிட்ட ஆய்வுல ஆரோக்கியமான கண்களைவிடப் பத்து மடங்கு வாக்குல கூட்டம், அமீபா தொற்றுல அதுக்கும் மேல. கூடவே இன்னொண்ணு: கூட்டம் ஏற ஏற வெள்ளை நூல் குறைஞ்சுக்கிட்டே போச்சு. எதிர்ப்பு அணுக்கள் பெருகினா நரம்பு தேயுது. பாதுகாக்க வந்தவங்க வாசல்ல இருந்த முருங்கையையும் சேர்த்து ஒடிச்ச கதை.

நம்ம பக்கம் இந்தக் கருவிக்கு அவசரமான வேலை இருக்கு. வயல்ல நெல் உமியோ இலையோ கண்ல பட்டுப் பூஞ்சை பிடிக்கறது கிராமத்துல ரொம்ப சகஜம். சுரண்டி எடுத்து வளர்த்துப் பாத்தா நாள் கணக்கா ஆகும். மதுரை அரவிந்த் மருத்துவமனையில கடுமையான கார்னியா தொற்றோட வந்த 239 பேரை கன்ஃபோகல் வச்சுப் பாத்த ஆய்வு 2016-ல வெளிவந்தது. பூஞ்சை இழையையும் அமீபாவையும் கண்ணுக்குள்ளேயே நேரா அடையாளம் காண அது நல்லாவே உதவுதுன்னு முடிவு. அங்கே வந்த விவசாயிகளுக்கு மருந்து இன்னிக்கா நாலு நாள் கழிச்சாங்கறது கண் இருக்குமா போகுமாங்கற கேள்வி. என் பஞ்சு வட்டம் எல்லாம் அதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்லை.

இனிமேதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச திருப்பம்.

சாயம் போடாம பாக்கறதுல ஒரு விலை இருக்கு. உருவம் மட்டும்தான் தெரியும், ஜாதகம் தெரியாது. நீளமான கிளையோட இருந்தா முதிர்ந்த டெண்ட்ரிடிக் செல், கிளை இல்லாம சின்னதா இருந்தா முதிராத டெண்ட்ரிடிக் செல். இப்படித்தான் பல வருஷம் கட்டுரைகள் எழுதப்பட்டது. சாயம் இருந்தும் கிளையைப் பாத்து நரம்புன்னு சொன்ன லாங்கர்ஹான்ஸ் ஞாபகம் வர்றாரா?

ஆஸ்திரேலியாவுல மெல்போர்ன் பல்கலைக்கழகத்துல லாரா டௌனி, ஹாலி சின்னரி, ஸ்காட் முல்லர் குழுவினர் அதே கருவியை வச்சு வேற வேலை செஞ்சாங்க. ஒரே ஆளோட கண்ல அதே இடத்தைச் சில நிமிஷ இடைவெளியில திரும்பத் திரும்பப் படம் எடுத்து, நரம்பு நூலை அடையாளமா வச்சு ஒண்ணு மேல ஒண்ணு பொருத்தி, ஓட்டிப் பாத்தாங்க. சொல்றதுக்கு ஈஸி. கண் சும்மா இருக்காது, நாடித் துடிப்புக்கே ஆடும். 0.4 மில்லிமீட்டர் கட்டத்துல தொலைச்ச இடத்தை மறுபடி பிடிக்கறது கூட்டமான சந்தையில குழந்தையைத் தேடற மாதிரி. 2022-ல வெளியிட்டாங்க. கிளை விரிச்ச டெண்ட்ரிடிக் செல்கள் பெரும்பாலும் நின்ன இடத்துலயே நின்னு கையை மட்டும் நீட்டி மடக்கிக்கிட்டிருந்தது. முதிராத டெண்ட்ரிடிக் செல்னு ஓரங்கட்டியிருந்த அந்தச் சின்ன உருண்டைங்களோ... நடந்தது! நரம்புகளுக்கு நடுவுல ரோந்து போயிக்கிட்டிருந்தது. எலியில சாயத்தோட பாத்து ஒப்பிட்டதுல அந்த நடை டி செல்லோடது. ஆரோக்கியமான மனுஷக் கார்னியாவுல, எந்த நோயும் இல்லாத நேரத்துல, டி செல்கள் குடியிருந்து காவல் சுத்துது. அதே வருஷம் அவங்களோட எலி ஆய்வுல, ஹெர்பிஸ் தொற்று ஆறின பிறகும் டி செல்கள் கார்னியாவை விட்டுப் போகாம, பழைய எதிரியை ஞாபகம் வச்சுக்கிட்டு அங்கேயே தங்கினதையும் காட்டியிருந்தாங்க. காண்டாக்ட் லென்ஸ் போடறவங்க, அலர்ஜி இருக்கறவங்க கண்ல இந்த நடமாட்டமே மாறியிருந்தது.

ரெக்லிங்ஹௌசன் 1863-ல ஈரமான கண்ணாடி அறைக்குள்ள பாத்த நாடோடி செல், 159 வருஷம் கழிச்சு வேற ஊர்ல வேற கருவியில மறுபடி நடந்து காட்டியிருக்கு. அப்பவும் நின்னவங்களையும் நடந்தவங்களையும் பிரிச்சுக் காட்டினது நடைதான். கோன்ஹைம் நீலத் துகள் வச்சுப் பிடிச்சதும் அந்த நடையைத்தான்.

இப்ப என் கேள்விக்கு வர்றேன். மெட்ராஸ் ஐக்கு அப்புறம் வர்ற இந்தப் புள்ளிகளையும் கன்ஃபோகல்ல பாத்திருக்காங்க. மேல்தோலுக்கு அடியில பளிச்னு டெண்ட்ரிடிக் செல் கூட்டம். திசுவை எடுத்துப் பாத்தவங்க லிம்போசைட்டுகளையும் பாத்திருக்காங்க. வைரஸோட உயிருள்ள உடம்பு போயிடுது, ஆனா அதன் புரதத் துண்டுகள் கார்னியாவுல சிக்கிக் கிடக்கும், அதைச் சுத்தித்தான் கூட்டம்னு சொல்றாங்க. அப்ப டாக்டரம்மாகிட்ட நான் கேட்டதுல ஒரு திருத்தம். சண்டை முடிஞ்சதை யாரும் சொல்லாம இல்லை. எதிரியோட சட்டை இன்னும் களத்துல கிடக்குது, அதைப் பாத்துக்கிட்டுத்தான் உக்காந்திருக்காங்க. ஸ்டீராய்டு அவங்களைத் தூங்க வைக்குது, சட்டையை எடுக்கறதில்லை. நான் பாதியில நிறுத்தினதும் எழுந்து பாத்திருக்காங்க, சட்டை அங்கேயே கிடந்திருக்கு.

இரண்டாவது சுத்தை ஒழுங்கா முடிச்சேன். அஞ்சு மாசம் ஆச்சு, கடைசி நாலு வாரம் ரெண்டு நாளைக்கு ஒரு சொட்டு. போன மாசம் மறுபடி தாடையை வச்சு நெத்தியை ஒட்டினேன். சீட்டுல வட்டம் போட்டு மூணு புள்ளி வச்சாங்க, மூணும் வெளிறிப் போயிருக்குன்னாங்க. தைரியத்தை வரவழைச்சுக்கிட்டு, கன்ஃபோகல்ல ஒரு தடவை காட்டுவீங்களா டாக்டர்னு கேட்டேன். இதுக்கெல்லாம் அது தேவையில்ல சார்னு சொல்லிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாங்க.